எழுபது வளைவுகளுக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வி உதவி என்றாலே கட்டணம், புத்தகம், சீருடை என்று பேசிப் பழகிவிட்டோம். நான் பேச வந்திருப்பது கட்டணமே இல்லாத ஒரு கல்வியைப் பற்றி. கட்டணம் இல்லை, ஆயினும் குழந்தை அங்கே போய்ச் சேர முடியவில்லை.

நம்மில் பலர் மிளகும் காப்பிக்கொட்டையும் பலாவும் வாங்கக் கொல்லிமலைக்குப் போய் வருகிறவர்கள். காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். திடகாத்திரமானவர்களே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டுதான் ஏறுகிறோம். திண்ணனூர் நாட்டில், மூளை முடக்குவாதத்துடன் பிறந்த ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். கழுத்து நிற்காது, வலிப்பும் வரும். விழுங்கச் சிரமப்படும் குழந்தை வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் அபாயமும் உண்டு. அக்குழந்தையைத் தாய் பேருந்து நிற்குமிடம் வரை தூக்கி நடந்து, மடியில் கிடத்திச் சமவெளியிலுள்ள சிறப்புப் பள்ளிக்கு இறங்கி, மாலையில் மீண்டும் ஏற வேண்டும். அவருடைய அன்றைய கூலியும் போயிற்று. ஒரு நாள் செய்யலாம். ஓராண்டு செய்ய யாரால் இயலும்?

சட்டம் குறைவைக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை, அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசமாகக் கற்கலாம் என்கிறது. போக்குவரத்து வசதி தர வேண்டும் என்றும், மிகுந்த உதவி தேவைப்படும் குழந்தையானால் உடன் செல்பவருக்கும் அது உண்டு என்றும் அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. கல்வி உரிமைச் சட்டத்திற்கு 2012இல் வந்த திருத்தம், பன்முகக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கற்கவும் உரிமை அளித்தது.

இந்தக் கடைசி ஏற்பாட்டில்தான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். வீட்டுவழிக் கல்வி நல்லதே. சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் ஒழுங்காக வந்தால் மிக நல்லது. ஆனால் அது பெற்றோர் தேர்ந்தெடுக்க வேண்டியது. சாலை கடினம் என்பதற்காகப் பிறர் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாகாது. பதிவேட்டில் பெயர் ஏறியதால் குழந்தை கற்றுவிட்டதாகவும் ஆகாது. பிற குழந்தைகளின் சத்தமும் தோழமையும் வீட்டுத் திண்ணையில் கிடைப்பதில்லை. தாய்க்குச் சில மணி நேர ஓய்வும் கிடைப்பதில்லை.

குழந்தை இறங்க முடியாவிட்டால் உதவி ஏற வேண்டும். இதற்கு நம் மாநிலத்திலேயே முன்மாதிரி உண்டு. 1975இல் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சுற்றுக் கிராமங்களில் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்து, அவர்கள் வீடு தேடிச் சென்று சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் முறையை அச்சங்கம் வளர்த்திருக்கிறது. மலைக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. கீழிருந்து வருபவருக்கு மழை, மூடுபனி என்று காரணங்கள் இருக்கும். அங்கேயே பிறந்த பெண்ணுக்கு வீடும் தெரியும், குழந்தையின் பெயரும் தெரியும்.

‘அவர்கள் பழங்குடி மக்கள், நம் ஜமாஅத்தார் அல்லரே’ என்று யாரேனும் நினைக்கக்கூடும். மிளகை எடை போடும்போது நாம் அப்படி நினைப்பதில்லை.

நம்மால் இயன்றவை சில உண்டு. மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் இல்லாமல் எந்த உதவியும் நகராது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு மாநில அரசு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2000 ரூபாயாக உயர்ந்தது. அதற்கும் சான்று வேண்டும். முகாம் நாளில் நம் வியாபாரிகளின் வண்டிகள் சில குடும்பங்களை ஏற்றிச் செல்லலாம். இயன்முறை மருத்துவர் அளவு சொன்னால், குழந்தை சாய்ந்து உட்காரும் மூலை இருக்கையை நம் தச்சர்களே செய்துவிடுவார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் குழந்தை எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கும். உணவும் பத்திரமாக இறங்கும்.

செம்மேட்டில் ஒரு பகல்நேர மையமும் அதற்கொரு வண்டியும் வேண்டும் என்று பெற்றோர் கிராம சபையில் தீர்மானம் கேட்கலாம். மனு எழுதித் தர நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். எத்தனை குழந்தைகள், எந்தச் சிற்றூர், சாலையிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதே அதிகாரிகள் முதலில் கேட்கும் கேள்வி. மலைக்குப் போய் வருபவர்கள் பெற்றோரின் சம்மதத்துடன் அந்த விவரங்களைக் கேட்டு வாருங்கள். அதற்கான குறிப்பேடு ஜமாஅத் அலுவலக மேசையில் வைக்கப்பட்டுள்ளது.