கந்தலும் கணக்கும்

போர்க்களம் என்று மட்டுமே பள்ளியில் படித்தோமே, அந்தப் பானிப்பட்டில் இன்று மலைமலையாய்க் குவிந்து கிடப்பது என்ன தெரியுமா? கந்தல்! மேனாட்டார் களைந்தெறிந்த கம்பளி உடுப்பு! பெண்கள் பொத்தானை அறுத்து, நிறம் நிறமாய்ப் பிரித்துப் போடுகிறார்கள். இயந்திரம் கிழித்துப் பஞ்சாக்குகிறது. பஞ்சு நூலாகிறது, நூல் போர்வையாகிறது. பெரும்பாலும் சாயமும் வேண்டுவதில்லை. பழைய நிறமே புதுநூலின் நிறம்!

திருப்பூரிலும் வெட்டுத்துணி நூலாகிறது. சாயநீரோ நொய்யலை நஞ்சாக்கிற்று. 2011-இல் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, நீரை மீட்கும் வேலை விரைவு பெற்றது.

‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்கிறது டில்லி. நன்று! ஆனால், தூசியை மூச்சாய் இழுத்து அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறாளே, அவளுடைய கூலிக்கும் நுரையீரலுக்கும் திட்ட ஏட்டிலே ஒரு வரி கேட்க வேண்டாமா நாம்?