ஜாம் ஆன என்ஜினோட சண்டை போடாதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

கிளாசிக் கார்னு சொன்னதும் பாலிஷ் போட்டு மின்னுற வண்டிதான் கண்ணு முன்னாடி வரும். இன்னைக்குப் பேசப்போறது அதுக்கு ரொம்ப முன்னாடி இருக்குற கட்டம். கிட்டத்தட்ட இருபது வருஷம் நின்ன இடத்துலயே நின்ன கார், என்ஜின் துளிகூட சுத்தாது. அதை எப்படி வெளிய எடுத்தோம், எப்படி விடுவிச்சோம்ங்கறதுதான் விஷயம்.

வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 1970 மாடல். நின்ன இடம் நாட்றாம்பாளையம். ஓசூர்ல இருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியா ஒகேனக்கல் பக்கம் போற மலை ரோட்டுல இருக்கு. சாயங்காலத்துக்கு மேல யானை பயம், அதனால எங்க வேலை எல்லாமே பகல்லதான். தகரக் கொட்டகை, ஒரு ஓரத்துல ராகித் தாள் அடுக்கி வெச்சிருக்கு, அதுக்குப் பக்கத்துல இந்த வண்டி.

ஹெரால்ட் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இங்கிலாந்துல ட்ரையம்ஃப் கம்பெனி 1959-ல கொண்டுவந்த கார், டிசைன் பண்ணவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. நம்ம ஊர்ல 1961-ல இருந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தயாரிச்சது, ஃபேக்டரி வண்டலூர் பக்கம். அம்பாசடர் கல்கத்தா, ஃபியட் பம்பாய்னா இது மெட்ராஸ் கார். 948 சிசி, நாலு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் பானட். ரெண்டு பக்க மட்கார்டோட சேர்ந்து முழுசா முன்னாடி சாயும். டயர் மேல உட்கார்ந்துக்கிட்டே வேலை பார்க்கலாம். இன்னைக்கு வர்ற கார்ல பல்பு மாத்தவே பம்பரைக் கழட்டணும், அது வேற கதை.

வண்டிக்காரர் ரிட்டயர்டு வாத்தியார், அவர் அப்பா வாங்குன கார். ஒரு கடையில கேட்டதுக்கு "என்ஜின் போச்சு சார், தூக்கிப் போட்டுட்டு ஆம்னி என்ஜின் வெச்சுக்கலாம்"னு சொல்லியிருக்காங்க. ஓடும், தப்பில்ல. ஆனா அவருக்கு வின்டேஜ் பதிவு வேணும். 2021-ல மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டுன வண்டிக்கு நம்பர்ல "வி.ஏ."ன்னு தனி எழுத்தோட பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். நிபந்தனை என்னன்னா வண்டி ஒரிஜினலா இருக்கணும். சேசிஸ், பாடி, என்ஜின் எதையும் மாத்தி அமைச்சிருக்கக் கூடாது. ஆர்.சி.யில இருக்குற என்ஜின் நம்பர் இந்த பிளாக்லதான் குத்தியிருக்கு. அதனால பிளாக் உடைஞ்சா வாத்தியாரோட திட்டமே உடைஞ்சிடும்.

சரி, கொட்டகைக்குள்ள போவோம். முதல் கேள்வி: நிஜமாவே என்ஜின்தான் ஜாமா? இதைப் பார்க்காமலேயே பலபேர் சுத்தியலை எடுத்துடுறாங்க. பழைய ஸ்டார்ட்டர் மோட்டார்ல பல்சக்கரம் ஃப்ளைவீல்ல மாட்டிக்கிட்டாலும் என்ஜின் அசையாது. ஸ்டார்ட்டரைக் கழட்டிப் பார்த்தோம், அது பிரச்சினை இல்ல. கியரை நியூட்ரல்ல போட்டு கிராங்க் புல்லி நட்டுல பாக்ஸ் ஸ்பேனர் மாட்டி அசைச்சோம். ஒரு நூல்கூட நகரல. அப்ப என்ஜினேதான்.

என்கூட வந்த மெக்கானிக் அண்ணா ஓசூர்க்காரர், தமிழ், கன்னடம், தெலுங்கு மூணுலயும் திட்டுவார். கார்புரேட்டர் இருந்த இடத்தைப் பார்த்ததும் மூணுலயும் திட்டினார். யாரோ கழட்டிட்டு அந்த ஓட்டையில துணியைத் திணிச்சிருக்காங்க. துணி மக்கிப்போச்சு. நேர் மேல தகரத்துல ஒழுகல். மழைத் தண்ணி இன்டேக் வழியா உள்ள இறங்கியிருக்கு.

ஓடும்போது சூட்டுல பிடிக்கிற என்ஜின்ல பிஸ்டன் உருகி சிலிண்டர்ல ஒட்டியிருக்கும். நின்னு பிடிக்கிறது வேற, அது துரு. ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல துரு வளர்ந்து சிமெண்ட் மாதிரி கெட்டியாகிடும். துருவைக் கரைக்கலாம், அதுக்கு நாள் வேணும். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு நாலு சிலிண்டர்லயும் அசிட்டோனும் ஆட்டோ கியர் பாக்ஸ் ஆயிலும் சரிபாதி கலந்து ஊத்தினோம். இது ரெண்டும் சேர்ந்து நிக்காது, ஊத்துறப்ப எல்லாம் குலுக்கணும். அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும், பக்கத்துல பீடி சிகரெட் கூடாது. தினமும் கொஞ்சம் ஊத்துற வேலையை வாத்தியாரே பார்த்துக்கிட்டார். 12 நாள்.

பன்னிரண்டாவது நாளும் நகரல. "சார், ட்ராக்டர்ல கட்டி இழுத்து கியர்ல விட்டா சுத்திடும்"னு பக்கத்துத் தோட்டத்துப் பையன் சொன்னான். அண்ணா சொன்னார்: "சுத்தும்டா தம்பி, கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழிச்சுக்கிட்டு வெளிய சுத்தும்."

அதனால என்ஜினையே இறக்கினோம். ரேடியேட்டர், சைலன்சர் பைப், வயர், பெட்ரோல் லைன் எல்லாம் கழட்டி, ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து, நட்டு போல்ட்டைத் தனித்தனிக் கவர்ல போட்டு எழுதி வெச்சோம். ஹெரால்ட்ல கியர் பாக்ஸ் போல்ட்டுக்குக் காருக்கு உள்ள இருந்தே கை எட்டும், நடுவுல இருக்குற மூடியைத் தூக்கினா போதும். மூணு இரும்புப் பைப்பை முக்காலி மாதிரி நிறுத்தி, செயின் பிளாக் மாட்டித் தூக்கினோம். நூறு கிலோவுக்கு மேல. முக்காலிக் கால் மண்ணுல இறங்காம இருக்க அடியில பலகை வெச்சோம். என்ஜின் தொங்கும்போது யாரும் கீழ கை நீட்டலை.

ஹெட்டைத் தூக்கினதும் கதை புரிஞ்சிடுச்சு. ரெண்டாவது சிலிண்டர் செக்கச்செவேல்னு துரு. இந்த என்ஜின் 1-3-4-2ன்னு வெடிக்கும். நின்ன நேரத்துல ரெண்டாவதோட இன்டேக் வால்வு திறந்திருக்கு, பிஸ்டன் பாதி வழியில கீழ இறங்கிக்கிட்டு இருந்திருக்கு. மேல இருந்து வந்த தண்ணிக்கு அதுதான் வாசல். ஒண்ணாவதுல எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததால லேசா துரு. மூணும் நாலும் ரெண்டு வால்வும் மூடியிருந்ததால சுத்தமா இருக்கு.

ஆயில் சம்ப்பைக் கழட்டி, ரெண்டாவது ராடோட கேப்பை மட்டும் எடுத்துட்டு கிராங்கைக் கீழ்ப்பக்கம் லேசா அசைச்சோம். மத்த மூணும் நகர்ந்துச்சு! அப்ப குற்றவாளி ஒரே ஆள். கேப்பைத் திரும்ப மாட்டினோம்.

இப்ப எந்தப் பக்கம் தள்ளணும்? துரு எல்லாம் பிஸ்டனுக்கு மேல இருக்கு. மேல தள்ளினா துருவுக்குள்ளயே போய் ரிங் உடையும். கீழ சிலிண்டர் சுத்தம், அதனால கீழதான். முதல்ல மேல இருந்த துருவை மெல்லிய உப்புத்தாளால தேய்ச்சு எடுத்தோம். அப்புறம் பிஸ்டன் அளவுக்கு உருட்டின வேப்பங்கட்டையை மேல வெச்சு அண்ணா தட்டினார், அதே நேரம் நான் கிராங்கை ஸ்பேனரால அந்தப் பக்கமே அழுத்தினேன். ஓங்கி அடிக்கலை. தட்டு, நிறுத்து, எண்ணெய் விடு, மறுபடி தட்டு. ஒரு மணி நேரம் போச்சு. "டக்"னு சின்னச் சத்தம், ஸ்பேனர் என் கையில நகர்ந்துச்சு. வாத்தியார் கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தார். "நகர்ந்துச்சா?"ன்னு கேட்டார். "நகர்ந்துச்சுங்க சார்." கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

அப்படியே முழுச் சுத்து சுத்திடக் கூடாது. கொஞ்சம் கீழ, கொஞ்சம் மேல, துடை, எண்ணெய் விடு. சாயங்காலத்துக்குள்ள பிஸ்டனை வெளிய எடுத்தாச்சு. ரிங் போச்சு, பிஸ்டன் ஓரமும் போச்சு. பிளாக்ல விரிசல் இல்ல. ரெண்டாவது சிலிண்டர் சுவர்ல துரு தின்ன குழி இருக்கு, நகத்துக்குத் தட்டுப்படுது. நாலையும் 20 தவ் பெருசா போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும். நம்பர் குத்துன அதே பிளாக்தான், அதே டிசைன்தான். இது ரிப்பேர், என்ஜின் மாற்றம் இல்லைங்கறது என் கருத்து. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோவும் பில்லும் வெச்சிருக்கோம்.

பிளாக் இப்ப ஓசூர்ல லேத்துல இருக்கு. போர் பண்ற அண்ணா, பிஸ்டன் கைக்கு வந்து அளந்து பார்த்த பிறகுதான் வெட்டுவேன்னு சொல்லிட்டார், அது சரியான பேச்சு. நாலு பிஸ்டன் தேடிக்கிட்டு இருக்கோம். உங்க வீட்டுப் பரண்ல, தாத்தாவோட டப்பாவுல, ஹெரால்ட் 63 மில்லிமீட்டர் பிஸ்டனோட ஓவர்சைஸ் செட் ஏதாவது கிடந்தா சொல்லுங்க.