மசக்கையும் மருந்தும்

(நம் சங்கத்து மாதர் பகுதியின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாதந்தோறும் இம்மன்றத்திற் பேசுவோர் கல்வி, சிக்கனம், மணச்செலவு குறைத்தல் முதலியவற்றையே பொருளாகக் கொள்வது வழக்கம். தமிழாசிரியராகிய யாம் பேச எழுந்தால் கம்பரையோ வள்ளுவரையோ துணைக்கொள்வோம் என்று நீவிர் எதிர்பார்த்திருப்பீர். காரியதரிசியவர்கள் எமக்கு இட்ட பொருளோ, ‘கடும் மசக்கைக்கு மருந்துண்ணலாமா, ஆகாதா’ என்பது. இதனை வைத்தியரன்றோ பேசவேண்டும், பண்டிதருக்கு இதில் என்ன வேலை என்று பின்வரிசையில் ஒருவர் கூறியது எம் செவியிலும் விழுந்தது. மருந்தின் குணத்தை உரைக்க வைத்தியரே வேண்டும், அதில் ஐயமில்லை. அவ்வைத்தியர் எழுதித் தந்த மாத்திரையை நம் வீட்டு அலமாரியிலேயே தங்கச் செய்வது, அதனைப்பற்றித் திண்ணையிலும் அடுக்களையிலும் வழங்கும் சொல். சொல்லை ஆராய்வது எம் தொழிலாதலின் துணிந்து எழுந்தோம்.

முதற்கண் பெயரைப் பார்ப்போம். சூலுற்ற மகளிர்க்கு உண்டாகும் ஆசையை நம் முன்னோர் ‘வயா’ என்றனர். அச்சொல்லுக்கு வேட்கை மிகுதல் என்று தொல்காப்பியனார் உரியியலிற் பொருள் காட்டியிருக்கின்றார். தன் நாட்டு மண்ணைக் கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்பரேயன்றிப் பகைவர் கொள்ளமாட்டார் என்று ஓர் அரசனைப் புகழ்ந்த பாட்டு புறநானூற்றில் உண்டு. இவ்வாறு நூல்களில் சூலுற்றாள் ஆசைக்குரியவளாகவே தோன்றுகின்றாள். இக்காலத் திரைப்படத்திலோ, கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினால் அடுத்த காட்சியில் வளைகாப்பு நடக்கின்றது. அவ்விரண்டு காட்சிகளுக்கும் இடையே கிடக்கும் வாரங்களை எவரும் படம்பிடிப்பதில்லை. யாம் பேசப்போவது அவ்வாரங்களைப் பற்றியே.

கர்ப்பமுற்ற பெண்கள் 10 பேரில் 7 அல்லது 8 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ உண்டு. பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பதாம் வாரத்தில் மிகுந்து, நான்காம் ஐந்தாம் மாதத்தில் அடங்கும். இஃது இயல்பான மசக்கை. காலையில் எழுமுன் இரண்டு பிஸ்கோத்து, சிறிது சிறிதாய் உணவு, எலுமிச்சை, நாரத்தங்காய் ஊறுகாய், இஞ்சி என்று நம் பாட்டிமார் கண்ட வழிகளே இதற்குப் பெரும்பாலும் போதும். இஞ்சி இலேசான குமட்டலைத் தணிக்கும் என்று ஆராய்ச்சியாளரும் ஒப்புகின்றனர்.

மற்றொன்று உண்டு. மருத்துவர் அதனை ஹைபரெமிசிஸ் கிராவிடாரம் என்பர். நாம் மிகைவாந்தி எனலாம். 1,000 கர்ப்பங்களில் 3 முதல் 30 வரை இது காணப்படுகின்றது என்பது கணிப்பு. விழுங்கிய தண்ணீரும் நில்லாது. நாவறளும், சிறுநீர் குறைந்து நிறம் கறுக்கும், எழுந்து நின்றால் கண் இருளும். கர்ப்பத்திற்கு முன்னிருந்த எடையில் 100-க்கு 5 பங்கு குறைந்தால் அதனை மிகைவாந்தியின் அடையாளமாக மருத்துவர் கொள்வர். 50 கிலோ இருந்த பெண் 47½ கிலோவுக்கு இறங்கினால் அவ்வெல்லை வந்துவிட்டது. இரண்டு நோய்களுக்கும் நாம் ‘மசக்கை’ என்ற ஒரே பெயரை வைத்திருப்பதுதான் இடையூறு. தூறலுக்கும் புயலுக்கும் ஒரே பெயர் இருந்தால், ‘இதுவும் அதுதானே’ என்று மீனவன் கடலுக்குப் போகமாட்டானா?

ஜேன் ஐர் என்னும் புதினத்தை இயற்றிய சார்லட் பிராண்டி அம்மையார் 1854-இல் மணமுடித்து, 1855 மார்ச் 31-ஆம் நாள் தமது 38-ஆம் வயதிற் காலமானார். இறப்புப் பதிவில் எழுதப்பட்டது காசநோய்; எனினும் கர்ப்பத்தில் உண்டான ஓயாத வாந்தியே அவரை உருக்கியது என்று கருதுவோர் பலர். நரம்பின் வழியே நீர் ஏற்றும் முறை பரவாத காலம் அது. 2012 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசியார் கேட் அவர்களும் இந்நோய்க்காகவே மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். அரண்மனையென்று அது விலகி நிற்கவில்லை.

‘மனத்திண்மை இல்லாதவளுக்கு வருவது’, ‘கர்ப்பத்தில் விருப்பமில்லாதவளுக்கு வருவது’ என்று அறிஞர் சிலரே ஒரு காலத்தில் எழுதி வைத்தனர். 2023-இல் வெளியான ஆராய்ச்சி அப்பழியைத் துடைத்துவிட்டது. ஜிடிஎஃப்15 என்பது ஒரு ஹார்மோன். கர்ப்பகாலத்தில் சிசுவின் பக்கமிருந்து அது மிகுதியாகத் தாயின் இரத்தத்திற் கலக்கின்றது. கர்ப்பத்திற்கு முன் அது தன் உடலிற் குறைவாயிருந்த பெண்ணுக்கு, பழக்கமில்லாத காரணத்தால், வாந்தி கடுமையாகின்றது. பெண்ணின் மனத்தைக் குற்றம் கூறியோர் இதனைப் படித்தறிதல் நன்று.

எம்மோடு பணிபுரியும் ஆசிரியர் ஒருவரின் மகள், தலைச்சூல். ஏழாவது வாரம் முதல் மூன்று நாட்களாகத் தண்ணீரும் தங்கவில்லை. மருத்துவர் மாத்திரை எழுதினார். வேறெதிலும் ஒத்துப்போகாத தாயும் மாமியாரும் இவ்வொன்றில் ஒன்றுபட்டனர். ‘கர்ப்பத்தில் வாந்திக்கு மாத்திரை தின்றால் குழந்தை கைகால் இல்லாமற் பிறக்கும், நாங்களெல்லாம் பெறவில்லையா?’ என்று மாத்திரையை எடுத்து வைத்துவிட்டனர். பத்தாவது வாரத்தில் 52 கிலோ 46 ஆயிற்று. நாடி தளர்ந்த நிலையில் தூக்கிச் சென்று ஐந்து நாள் நீரேற்றினர். இன்று தாயும் சேயும் நலமே. அப்பெண் பின்னர் எம்மிடம், “மாமா, வாந்தியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ‘நாங்களெல்லாம் பெறவில்லையா’ என்ற சொல்லைத்தான் பொறுக்க முடியவில்லை” என்றாள். அவ்விரு தாய்மாரும் கொடியரல்லர். அவர்கள் அஞ்சியது உண்மையாக நடந்த ஒன்றை. எங்கே, எப்போது, எந்த மருந்தால் என்பது மட்டும் மறைந்துபோய், அச்சம் தனியே வாய்வழியாக நம்மூர் வந்து சேர்ந்தது. அவ்வரலாற்றைச் சிறிது விரித்துரைப்போம்.

1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் கிரூனெந்தால் என்னும் கம்பெனி தாலிடோமைடு என்ற மருந்தை விற்கத் தொடங்கிற்று. உறக்கத்துக்கும் மனக்கலக்கத்துக்கும் உரியது, தீங்கற்றது என்று விளம்பரம் செய்தனர். சீட்டின்றியே கடையிற் கிடைத்தது. பல நாடுகளுக்குப் பரவிற்று. கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் உண்டனர். சில ஆண்டுகளில், தோளிலிருந்தே விரல்கள் முளைத்த சிசுக்கள் பிறக்கலாயின. ஜெர்மனியில் லென்ஸ் என்னும் மருத்துவரும், ஆஸ்திரேலியாவில் மக்பிரைடு என்னும் மருத்துவரும் 1961-இல் இம்மருந்தே காரணம் என எச்சரித்தனர். அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியில் விற்பனை நின்றது. அதற்குள் உலகெங்கும் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் ஊனமுற்றுப் பிறந்துவிட்டனர். பிறந்த சில நாளில் மாண்டோர் பலர்.

அமெரிக்காவில் இம்மருந்துக்கு அனுமதி வேண்டி 1960-இல் விண்ணப்பம் வந்தபோது, அரசு மருந்து நிர்வாகத்தில் அதனை ஆராய்ந்தவர் பிரான்சிஸ் கெல்சி அம்மையார். ‘தீங்கற்றது என்பதற்குச் சான்று போதாது, இன்னும் கொண்டுவாருங்கள்’ என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். கம்பெனியார் நெருக்கினர், அவர் அசையவில்லை. அக்காலத்தில் அந்நாட்டில் அம்மருந்து விற்பனைக்கே வரவில்லை. 1962-இல் ஜனாதிபதி கென்னடி அவருக்கு விருதளித்துப் போற்றினார். மருந்தைக் கண்மூடி மறுத்தவர் என்று இவ்வம்மையாரைக் கொள்ளற்க. அவர் கேட்டது சான்று.

இவ்வளவில் கதை முடிந்திருந்தால் அத்தாய்மார் அச்சமே சரி எனலாம். கேளுங்கள்.

தாலிடோமைடுக்கு ஓராண்டு முன்னரே, 1956-இல், அமெரிக்காவில் பெண்டெக்டின் என்றொரு மாத்திரை மசக்கைக்கென்றே வந்தது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அதன் பெயர் டெபெண்டாக்ஸ். டாக்ஸிலமின் என்னும் மருந்தும் பிரிடாக்ஸின் என்னும் வைட்டமின் பி6-உம் அதிலிருந்தன. முதலிற் சேர்ந்திருந்த மூன்றாவது சரக்கு 1976-இல் நீக்கப்பட்டது. கோடிக்கணக்கான பெண்கள் உண்டனர். தாலிடோமைடு கண்ட கண்ணுக்கு இதுவும் பேயாகத் தோன்றிற்று. ஊனமுற்ற குழந்தைகளின் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 100 குழந்தைகளில் ஏறத்தாழ 3 குழந்தைகள் எம்மருந்தும் உண்ணாத தாய்க்கும் ஏதோவொரு பிறவிக் குறையோடு பிறக்கின்றன என்பதை நினைவிற் கொள்க. கோடிப்பேர் உண்ட மருந்தாயின், அவர்களுள்ளும் இலட்சக்கணக்கானோர்க்கு அக்குறை நேர்ந்தே தீரும். மருந்தின்மேற் பழி விழுவதும் இயல்பு. ஆய்வுக்குமேல் ஆய்வு நடந்தும், உண்டோர்க்கும் உண்ணாதோர்க்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் வழக்குச் செலவு தாளாது 1983-இல் கம்பெனி அதனை நிறுத்திவிட்டது.

நிறுத்திய பின் நடந்தது யாது? பிறவிக் குறைகள் குறையவில்லை. மிகைவாந்திக்காக மருத்துவமனையிற் சேர்ந்த பெண்களின் தொகையோ ஏறிற்று. ஊகத்தின்மேல் ஒரு மருந்தை விலக்கியதன் விலையை அப்பெண்கள் கொடுத்தனர். முன்னே தாலிடோமைடின் தீமையை எடுத்துரைத்துப் புகழ்பெற்ற அதே மக்பிரைடு, பின்னர் டெபெண்டாக்ஸுக்கு எதிராகவும் நின்றார். அதனையொட்டி வேறொரு மருந்தைப்பற்றி அவர் வெளியிட்ட ஆய்வில் கணக்குகளை மாற்றி எழுதினார் என்று கண்டு 1993-இல் அவர் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கினர். ஒருமுறை மெய்யுரைத்தவர் மறுமுறையும் மெய்யே உரைப்பார் என்று நம்புதற்கில்லை. இது மருந்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. அதே டாக்ஸிலமின்–பிரிடாக்ஸின் கூட்டு மாத்திரைக்கு அமெரிக்க அரசு 2013-இல் மீண்டும் அனுமதி தந்தது. இடையில் 30 ஆண்டுகள் கழிந்தன. நம் நாட்டிலும் அம்மாத்திரை கிடைக்கின்றது. நம் ஆசிரியர் வீட்டு அலமாரியில் கிடந்ததும் அதுவே.

இதனால் எம்மருந்தையும் எவரும் உண்ணலாம் என்று யாம் கூறுவதாகக் கொள்ளவேண்டா. தராசுக்குத் தட்டு இரண்டு. மாத்திரையை ஒரு தட்டில் வைத்துவிட்டு மற்றதை வெறுமையாக விடுவதே நாம் செய்யும் பிழை. மறுதட்டில் வைக்கவேண்டியவை பல: உடலின் நீர் வற்றல், பொட்டாசியம் குறைந்து இதயம் தடுமாறல், பல வாரம் உணவின்றித் தயமின் என்னும் வைட்டமின் பி1 தீர்ந்து மூளை தாக்குண்ணல், சிசு எடை குன்றிப் பிறத்தல், விரும்பிச் சுமந்த கருவையே, தாங்கமாட்டாமல், கலைத்துவிடத் துணிதல். அயல்நாடுகளிற் பெண்கள் அவ்வாறு துணிந்தது பதிவாகியுள்ளது.

மருந்துத் தட்டிலும் எல்லாம் ஒரே எடையல்ல. டாக்ஸிலமின் கூட்டு உறக்கம் தரும். உண்டபின் ஸ்கூட்டர் ஓட்டலாகாது. மெட்டோகுளோப்ரமைடு சிசுவின் உறுப்பைக் கெடுப்பதாக டென்மார்க், இஸ்ரேல் நாடுகளின் பெரிய ஆய்வுகளிற் காணப்படவில்லை. ஆயின் இளம்பெண்களுக்குக் கழுத்தும் கண்ணும் இழுத்துக்கொள்ளுதல் அதனால் நேர்வதுண்டு. ஐந்து நாளுக்குமேல் தொடரவேண்டா என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டார் 2013-இற் கூறினர். ஒண்டான்செட்ரான் வாந்தியை நன்றாக நிறுத்தும். 18 இலட்சம் கர்ப்பங்களை ஆராய்ந்து அமெரிக்காவில் 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, முதல் மூன்று மாதத்தில் அதனை உண்ணாதோர் பெற்ற 10,000 குழந்தைகளில் 11 குழந்தைகளுக்கு உதடோ அண்ணமோ பிளந்திருந்தது. உண்டோரிடம் அது 14. இதயக் குறை மிகவில்லை. 10,000-க்கு 3 என்பது சிறிதுதான்; எனினும் இல்லையென்று மறைக்கத்தக்கதன்று. இலேசான குமட்டலுக்கு அதனை நாடுவது தகாது. முதல் மருந்து பயன்படாமல், எடை இறங்கிக்கொண்டே போகும் பெண்ணுக்கு மருத்துவர் அதனைத் தருவாராயின், தடுப்பதற்கும் நாம் யார்?

‘நாட்டுமருந்தாயின் தீங்கில்லை’ என்பர் சிலர். தராசு அதற்கும் பொதுவே. வேரும் பட்டையும் மருந்தாவது உண்மையாயின், அவற்றிற்கும் அளவும் விளைவும் உண்டு. கருவுற்றவள் உண்ணலாகாத மூலிகைகளை நம் வைத்தியரே விலக்கி வைத்திருக்கின்றனர்.

வீட்டாருக்குச் சிறு குறிப்புகள் கூறுவோம். எடையைக் கர்ப்பத் தொடக்கத்திலேயே பார்த்துக் குறித்து வையுங்கள். குறித்த எண் இல்லையேல் இறங்கியதை எவ்வாறு அறிவது? ஒருநாள் முழுதும் தண்ணீர் தங்காவிடினும், எட்டு மணி நேரம் சிறுநீர் இறங்காவிடினும், வாந்தியில் இரத்தம் கண்டாலும், பேச்சோ பார்வையோ தடுமாறினாலும், பொழுது விடியட்டும் என்று இராமல் 108-க்குச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலை மிகுவிக்குமாயின் சின்னாள் நிறுத்தலாமா என்று செவிலியரைக் கேளுங்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தாமே நிறுத்தவேண்டா. உணவின்றிக் கிடந்தவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் தரவேண்டும் என்பதை மருத்துவர் அறிவர். எத்தனை நாளாக உண்ணவில்லை என்பதை மறையாமற் கூறுவது நம் கடன். மருந்துக் கடையில் ‘வாந்தி மாத்திரை’ என்று பொதுவாகக் கேட்டு வாங்கிக் கொடுப்பதை மட்டும் யாம் வன்மையாக மறுக்கின்றோம். கடைக்காரர் கேளாத கேள்வி ஒன்றுண்டு: எத்தனையாவது வாரம்?

கணவன்மார்க்கும் ஒரு சொல். மருத்துவரிடம் மனைவியோடு தாயையும் மாமியாரையும் அனுப்பிவிட்டு வாயிலில் நின்று கைப்பேசி பாராதீர். உள்ளே சென்று மருந்தின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டிற் பெரியோர் வினவும்போது, எந்த மருந்து, எதற்கு, எத்தனை நாள் என்று அமைதியாக விடைகூற வேண்டியவர் நீரே. படுத்திருப்பவள் எழுந்து வாதாட இயலாது.

எமக்கு அளித்த நேரம் கடந்துவிட்டது. நம் சங்கத்து உறுப்பினர் குடும்பத்தைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவ அம்மையார் அடுத்துப் பேச இசைந்திருக்கின்றார். மாத்திரைச் சீட்டுகளை மடியில் வைத்திருக்கும் சகோதரிகள் தயங்காமல் எடுத்து அவரிடமே காட்டுங்கள். ஆடவர் அனைவரும் அச்சமயம் வெளித்திண்ணைக்கு எழுந்து செல்வது வழக்கமாயிருக்கின்றது. இன்று அமர்ந்திருக்கும்படி கேட்டுக்கொண்டு யாம் அமர்கின்றோம்.