குறை எங்கே உள்ளது?

இரப்பர் தோட்டத்தில் ஒருவர் கொண்டுவரும் பால் குறைந்துவிட்டால், 'சோம்பேறி' என்னும் பட்டம் அவருக்கு விரைவில் கிடைத்துவிடுகிறது. கணக்குப் புத்தகம் பாலின் எடையைக் காட்டும். குறைவின் காரணத்தைக் காட்டாது. காரணம் அறியாமல் கண்டித்தால் பாலும் கூடாது, மனமும் முறியும். ஆகவே, வேலை வாங்கும் பொறுப்பிலுள்ள நாம் குறையைக் கண்டறியும் முறையை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவதாக, குறைவு ஒருவருக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்று காண வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலத்தில் பால் குறைவது இயற்கை. மழையில் பட்டை நனைந்தால், பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகும். இவற்றுக்குத் தொழிலாளி பொறுப்பல்லர்.

ஒருவருக்கு மட்டுமே குறைந்திருந்தால், அவருடைய நிரையைத் தேர்ந்த வேறொருவரிடம் சில நாள் ஒப்படைத்துப் பார்க்கலாம். அப்போதும் பால் கூடவில்லையெனில் குறை மரத்தில் இருக்கக்கூடும். அளவுக்கு மீறி வெட்டப்பட்ட மரங்களில் பட்டை வறட்சி தோன்றும். அவற்றுக்கு ஓய்வு தர வேண்டும்.

பால் கூடினாலும், முன்னவருக்கு மனமில்லை என்று முடிவு கட்டலாகாது. அவருடைய உளி மழுங்கியிருக்கலாம். நாற்பது வயதைக் கடந்தவருக்குக் கிட்டத்திலுள்ளவை தெளிவாகத் தெரியாமற் போகலாம். விடியலின் அரையிருளில் வெட்டின் ஆழத்தை அவர் எவ்வாறு அறிவார்? இரத்தச்சோகையால் உடல் தளர்ந்தவர் தாமதமாகவே வெட்டி முடிப்பார். வெயில் ஏற ஏறப் பாலோட்டமோ குறையும். உளிக்குச் சாணைக்கல்லும், கண்ணுக்குக் கண்ணாடியும், சோகைக்கு மருத்துவமும் தேவை. ஏச்சு இவற்றுள் எதற்கும் மருந்தாகாது.

இத்தனைக்கும் பின்னர், தெரிந்தும் செய்யாதவர் சிலர் இருக்கலாம். அவரிடம் எதிர்பார்க்கும் வேலை யாதெனத் தெளிவாகக் கூறி, எச்சரித்து, திருந்த அவகாசம் தர வேண்டும். தவறான நடத்தைக்காக ஒருவரை நீக்குவதாயின், முறையான விசாரணைக்குப் பின்னரே நீக்கலாம் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு கூறுகிறது.

கண் மங்கியதைச் சொன்னால் பிழைப்பே போய்விடுமோ என்று அஞ்சி வாய் திறவாதோரும் உளர். அவ்வச்சத்தைப் போக்குவது நம் கடமை. நாளைக் காலைப் பெரட்டில், பால் குறைந்தவரை அதட்டுவதற்கு முன், "உளியைக் காட்டுங்கள், பார்ப்போம்" என்று தொடங்குவோம்.