முழங்கால் ஊசி: எத்தனை முறை போடலாம்?



கிழக்கேகோட்டையில் விடியும் முன்பே கூட்டம் கூடிவிடும். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பவர்கள் ஒரு பக்கம். பஸ் பிடிக்க ஓடுபவர்கள் ஒரு பக்கம். சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குபவர்கள் ஒரு பக்கம். இவர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கவனித்துப் பாருங்கள். பலர் முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டுதான் படி ஏறுகிறார்கள்.

பூக்கட்டும் அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். இவரைப் போல எத்தனையோ பேர் உண்டு. வயது 58. தினமும் ஏழெட்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து பூக்கட்டுகிறார். சர்க்கரை நோயும் இருக்கிறது. காலையில் எழுந்ததும் கால் மடங்க மறுக்கிறது. ஆற்றுக்கால் பொங்கலுக்கு அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்தார். பொங்கல் பொங்கிவிட்டது. அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று.

“மூட்டில் ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் அக்கா” என்கிறார் பக்கத்துக் கடைக்காரர்.

போடலாமா? போடலாம். ஆனால் அது என்ன ஊசி? இதற்கு முன் எத்தனை போட்டாயிற்று? இந்த இரண்டும் தெரியாமல் போடக்கூடாது.

முதலில் மூட்டைத் தெரிந்துகொள்வோம். முழங்காலில் தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கின்றன. எலும்போடு எலும்பு உரசாமல் இருக்க நடுவில் வழுவழுப்பான ஒரு பூச்சு இருக்கிறது. இதற்குக் குருத்தெலும்பு என்று பெயர். இதில் ரத்தக் குழாய் கிடையாது. ஆகவே தேய்ந்தால் மற்ற சதையைப் போல எளிதில் வளராது. இதுதான் மூட்டுத் தேய்மானம். வயது, உடல் எடை, பழைய அடி, குந்தி உட்காரும் வேலை எல்லாம் இதற்குக் காரணம். தேய்ந்த மூட்டில் வீக்கமும் நீரும் சேரும். வலி கூடும்.

அந்த வீக்கத்தை அடக்குவதுதான் ஸ்டீராய்டு ஊசி. ஸ்டீராய்டு என்பது வெளியிலிருந்து வந்த விஷம் அல்ல. நம் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல ஒரு சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் பொருளின் சாயலில் செய்த மருந்து அது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டாக்டர் ஜோசப் ஹாலண்டரும் அவருடன் இருந்தவர்களும் இதை மூட்டுக்குள் போட்டுப் பார்த்து 1951-இல் எழுதினார்கள். அன்று முதல் உலகம் முழுவதும் போடுகிறார்கள். டிரையாம்சினலோன், மீத்தைல் பிரெட்னிசலோன் என்பவை இன்று அதிகம் போடும் மருந்துகள். பெயர் நீளம்தான். எழுத்துக் கூட்டிப் படித்தால் வந்துவிடும்.

ஊசி போட்ட சில நாளில் வலி குறையும். சில வாரம் நன்றாக இருக்கும். சிலருக்கு மூன்று மாதம் வரை இருக்கும். பிறகு வலி திரும்பி வரும். ஏன்? வீக்கம்தான் அடங்கியது. தேய்ந்த பூச்சு வளரவில்லை. அந்த அம்மா மறுபடி ஊசிக்குப் போவார். மறுபடி நான்கு மாதம் கழித்துப் போவார். ஒரு டாக்டர் ஊரில் இல்லை என்றால் வேறு டாக்டர். அவருக்கு முன்பு போட்ட ஊசி தெரியாது. அம்மாவுக்கும் மருந்தின் பெயர் தெரியாது. “ஒரு வெள்ளை மருந்து” என்பார். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரே மூட்டில் இரண்டு ஊசிக்கு நடுவில் மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது வழக்கம். அந்த இடைவெளி விட்டால் கெடுதல் இல்லையா? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2003-இல் கனடா நாட்டில் 68 பேரை வைத்து ஒரு சோதனை முடிவு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருடம் ஊசி போட்டார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மூட்டு கூடுதலாகக் கெட்டதாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். குருத்தெலும்பு தெரியாது. 2017-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் இன்னொரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். இதில் 140 பேர். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு. மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு வருடம். குருத்தெலும்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். உப்பு நீர் போட்டவர்களுக்குப் பூச்சு 0.10 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது. ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு 0.21 மில்லிமீட்டர். ஏறக்குறைய இரண்டு மடங்கு! சரி, வலியாவது குறைந்ததா? இரண்டு வருட முடிவில் இரு கூட்டத்தாருக்கும் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை.

0.11 மில்லிமீட்டர் என்பது மிகச் சிறிய அளவு. இதனால் நடை கெடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பயந்து ஓட வேண்டாம். ஒரு ஊசியால் மூட்டு போய்விடாது. கல்யாண வேலை இருக்கிறது, கால் வீங்கி நீர் கட்டியிருக்கிறது, அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் ஒரு ஊசி பெரிய உதவி. அதையே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும் தவணை போல ஆக்கிக்கொள்வதுதான் தவறு.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதையும் கேளுங்கள். இந்த ஊசி போட்டால் சில நாள் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். சிலருக்கு ஒரு வாரம் வரை ஏறும். ஆகவே சர்க்கரை நோய் இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். ஊசி போட்ட பின் ரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று. ஊசி போட்ட மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கிக் காய்ச்சல் வந்தால் அது கிருமி. இது அபூர்வம். ஆனால் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. அன்றே ஜெனரல் ஆஸ்பத்திரிக்கோ மெடிக்கல் காலேஜுக்கோ போய்விட வேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது.

வேறு ஊசிகளும் உண்டு. மூட்டுக்கு உயவு எண்ணெய் என்று சொல்லி ஒன்று போடுகிறார்கள். அதன் பெயர் ஹயலுரானிக் அமிலம். சில கம்பெனிகள் இதைச் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கின்றன. முட்டை, கோழி ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விலை ஆயிரக்கணக்கில். பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2022-இல் லண்டன் மருத்துவப் பத்திரிகை ஒன்று எழுதியது. உப்பு நீரை விட இது குறைக்கும் வலி மிகக் கொஞ்சம் என்றது. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதில் ஒரு பகுதியைப் போடும் ஊசியும் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 288 பேருக்குச் சோதித்த முடிவு 2021-இல் வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அதற்கும் உப்பு நீருக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. நகையை அடகு வைத்து இவற்றைப் போட்டுக்கொள்ளும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்னே எதுதான் நல்லது? பலருக்கு இதைச் சொன்னால் சிரிப்பு வரும். பயிற்சிதான். அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகளில் 156 பேரைப் பார்த்த முடிவு 2020-இல் வந்தது. பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசி. பாதிப் பேருக்குப் பிசியோதெரபி. ஒரு வருடம் ஆனதும் பயிற்சி செய்தவர்களே குறைந்த வலியோடு நன்றாக நடந்தார்கள்.

பூக்கட்டும் அம்மாவால் செய்யக்கூடிய பயிற்சி இது. கட்டிலில் கால் நீட்டி உட்கார வேண்டும். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைக்க வேண்டும். துண்டை முழங்காலால் கீழே அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும் வரை அழுத்தி விட வேண்டும். பத்து தடவை. காலை ஒன்று, மாலை ஒன்று. தொடைச் சதை பலமானால் மூட்டின் பாரம் குறையும். பூக்கட்டும் பலகையை உயர்த்தி, முக்காலியில் உட்கார்ந்து கட்டலாம். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ அளவு குறைகிறது. இதையும் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஊசி தேவை என்று டாக்டர் சொன்னால் போடட்டும். போடும் முன் அம்மா மருந்துக் குப்பியைக் கையில் வாங்கிப் படிக்கட்டும். “இது ஸ்டீராய்டா டாக்டர்?” என்று கேட்கட்டும். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வீட்டுக்கு வந்ததும் ஓ.பி. சீட்டுக்குப் பின்னால் எழுதி வைக்கட்டும். எந்தக் கால்? என்ன மருந்து? எத்தனை மில்லிகிராம்? என்ன தேதி? ஒரு வரி போதும். கையெழுத்து அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை.

அந்த ஒரு வரி பின்னால் ஒரு நாள் உதவும். சிலருக்கு மூட்டு முழுவதும் தேய்ந்துபோய், மாற்று மூட்டு வைக்க வேண்டி வரும். பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கும் 2000-இலும் 2001-இலும் மும்பையில் இரண்டு முழங்காலுக்கும் அப்படி வைத்தார்கள். ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் இந்த அறுவை செய்தால் புது மூட்டில் கிருமி சேரும் ஆபத்து கூடுகிறது. ஆகவே, “கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள்?” என்று அறுவை செய்யும் டாக்டர் கேட்பார். அம்மா சீட்டைத் திருப்பித் தேதியைப் படித்துச் சொல்லலாம்.