நம் கர்ணன்



2013-இல் விஜய் தொலைக்காட்சியில் மகாபாரதம் தமிழ்க் குரலில் வந்தபோது, காந்தலூரில் நம் இல்லங்களில் பெரும் வழக்கு எழுந்தது. 1964-இல் சிவாஜி கணேசன் நடித்த கர்ணனே கர்ணன் என்றனர் முதியோர். புதியவனே வீரன் என்றனர் சிறுவர். நாமும் முதியோர் பக்கமே நின்றோம்.

பின்னர் ஏட்டைப் புரட்டினோம். குற்றுயிராய்க் கிடந்தும் புண்ணியத்தைத் தானமளிக்கும் காட்சி வியாசரிடம் இல்லை, வில்லிபுத்தூராரிடம் உண்டு. நம்மை அழவைத்த அக்காட்சி தமிழ் தந்த கொடையன்றோ! கர்ணனை மாற்றியோருள் நம் முன்னோரும் உண்டு.

ஆதலின், சிறுவரைக் கடிதல் வேண்டா. மலையாளப் பள்ளியில் பயிலும் நம் மக்களுக்கு வில்லியின் கர்ணனை இரவுதோறும் சொல்லுவோம். அதுவே நம் கடன்.