வெள்ளம் வருமுன் அணை: நோய்க்காலத்தில் ஊராட்சியின் கடமை

  

2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தது. அதன்பின் தென்பெண்ணையின் வெள்ளம் பாகூர்ப் பகுதி ஊர்களிலும் வயல்களிலும் புகுந்ததை நாம் அறிவோம். வெள்ளம் வடிந்தாலும் அதன் பின்னே வரும் நோய் எளிதில் வடிவதில்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் வாந்திபேதி பரவியபோது அரசாங்கம் பொதுச் சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்தது, பள்ளிகளும் மூடப்பட்டன. அத்தகைய வேளையில் ஊரை நடத்துவோர் எதை நம்பிச் செயலாற்றுவது? ஆராய்ந்து கண்ட உண்மையையே நம்ப வேண்டும்.

1971-இல் கிழக்கு வங்கத்து அகதிகள் தங்கிய பனகாவ் முகாமில் காலரா மூண்டது. நரம்பு வழியே ஏற்றும் நீர்மருந்து தீர்ந்துபோயிற்று. உப்பும் சர்க்கரையும் தக்க அளவில் சேர்ந்தால் குடல் நீரை உறிஞ்சிக் கொள்ளும் என்பதை ஆராய்ச்சியாளர் முன்னரே கண்டிருந்தனர். டாக்டர் திலீப் மகலநோபிஸ் அக்கரைசலை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. அறிவு முன்பே இருந்தது. துணிந்து அதனை மக்கள் கையில் சேர்த்ததே தலைமை.

கண்ணுக்குத் தெரியும் கணக்கு முழுக் கணக்கு அன்று என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது. 2020-இல் ஜிப்மர் மருத்துவர்கள் புதுச்சேரி மக்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, கொரோனா தொற்றின் அடையாளம் ஆகஸ்டில் நூற்றுக்கு 4.9 பேரிடம் இருந்தது. இரண்டே திங்களில் அது 34.5 ஆயிற்று. மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் எண்ணியிருந்தால் இவ்வேகம் புலப்பட்டிராது.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, குடிநீர். மோட்டார் நின்றதும் குழாயில் அழுத்தம் குறைகிறது. குழாய் சாக்கடை வழியே சென்றால் வெடிப்பின் வழியாக அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. அவ்விடங்களை மழைக்கு முன்பே கண்டறிந்து மாற்றுதல் வேண்டும். தொட்டியில் குளோரின் இட்டால் போதாது. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருக்கிறதா எனச் சோதிக்க வேண்டும். ஈரத்தில் திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துவிடும்.

இரண்டாவது, கணக்கு. ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் பேதி கண்டால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சொல்லியனுப்ப வேண்டும். ஊருக்குக் கெட்ட பெயர் வருமென்று மறைப்பது, பக்கத்துத் தெருவுக்கும் நோயைக் கொடுப்பதாகும்.

மூன்றாவது, கரைசல். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காத வேளையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறுகச் சிறுகப் புகட்டலாம். அளவு மிகலாகாது. நோயாளி சோர்ந்து கிடந்தாலோ, நீர் குடிக்க இயலாவிட்டாலோ, தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள் கூடி, குழாய்களைப் பார்வையிட்டு, பொறுப்புகளைப் பகிர்ந்து கொண்டால் போதும். ஏரிக்கரையை முறைவைத்துக் காப்பது உழவர்க்குப் புதிதன்று. குடிநீரையும் அவ்வாறே காப்போமாக.